கிளிப்பச்சைப் பேன்ட் ஜெகதாம்பாள்

பெரம்பலூரில் துறையூர் சாலையில் இறங்கி, "தலைகீழா நிக்கிற ஜவுளிக்கடை அம்மா வூடு எது?" என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். டீக்கடைக்காரர் கையை நீட்டிக் காட்டுவார். அதோடு விடமாட்டார், ஒரு சிரிப்பும் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜெகதாம்பாளுக்கு வராது. "சிரிச்சுட்டுப் போறான் விடு ஜோதி, உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?" என்பாள். அவள் சொல்ல ஆரம்பித்தால் பாதிக் கதையைச் சிரித்தே மழுப்பிவிடுவாள். அதனால் நான் சொல்கிறேன்.

நானும் அவளும் ஒரே ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறவர்கள். அவளுடைய புருஷன் அரியலூர்ப் பக்கம் சிமென்ட் லாரி ஓட்டியவர். ஒருநாள் மத்தியானம் லாரியைப் புளியமர நிழலில் நிறுத்திக் கண்ணயர்ந்த மனுஷன் எழுந்திருக்கவே இல்லை. நெஞ்சுவலி. மகள் பிரவீணா அப்போது பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு. காரியம் முடிந்த கையோடு மூத்தார் சிங்காரவேலு ஒரு வெள்ளைச் சேலையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். ஜெகதா அதைக் கட்டவில்லை. "நல்ல காட்டன், வீணாக்குவானேன்" என்று வெட்டித் தலையணை உறை தைத்துப் போட்டாள். பிறகு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெரம்பலூருக்கு பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு மூத்தார், பிரவீணா படித்தாளா சாப்பிட்டாளா என்று ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை.

இவ்வளவு தைரியசாலி, விசேஷ வீட்டுக்குப் போனால் மட்டும் வேறு ஆளாகிவிடுவாள். ஆரத்தி என்றால் நாலு அடி பின்னால். நலங்கு என்றால் சமையல்கட்டில். யாரும் போகச் சொல்ல மாட்டார்கள், இவளே போய் நின்றுகொள்வாள். "நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, அவ முன்னால நின்னா, அதான்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது பாரு" என்பாள். எனக்குக் கோபம் வரும். கத்துவேன். அவள் வடையை எடுத்து என் வாயில் திணிப்பாள்.

சிந்து எங்கள் கடைக்கு வந்தது வெள்ளைத் துணி வாங்க. கல்யாண மண்டபம் கிருஷ்ணமூர்த்தியின் மகள். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, இப்போது வீட்டிலிருந்தே பார்க்கிறாள். அங்கே இருந்தபோது கபோயிரா என்று ஒன்றை வருஷக்கணக்காகக் கற்றிருக்கிறாள். அப்பாவின் மண்டபத்தில் பந்தி நடக்கும் கூடத்தில் பெண்களுக்கு வகுப்பு ஆரம்பிக்கப் போகிறாளாம், எல்லோருக்கும் வெள்ளைப் பேன்ட் தைக்க வேண்டுமாம்.

"அது என்னம்மா, டான்ஸா சண்டையா?" என்று துணியைக் கிழித்தபடியே ஜெகதா கேட்டாள்.

"ரெண்டும்தான் அக்கா. ஆப்பிரிக்காக்காரங்கள பிரேசில்ல அடிமைங்களா கொண்டாந்து வச்சிருந்தாங்கல்ல, அவங்க கத்துக்கிட்டது. சண்டை பழகுறாங்கன்னு தெரிஞ்சா எசமான் சவுக்கால அடிப்பான். அதனால பாட்டு, தாளம் எல்லாம் வச்சு ஆட்டம் மாதிரி ஆக்கிட்டாங்க."

"பாக்க ஆட்டம், விழுந்தா அடி."

"அதே அக்கா."

"நான் வரலாமா? வயசு நாப்பத்தி மூணு ஆவுது."

"வாங்க அக்கா, வாங்க."

"ஆனா வெள்ளைப் பேன்ட்டு போட மாட்டேன். வெள்ளையைக் கட்டச் சொல்லி எங்க வூட்டாளுங்க தலைகீழா நின்னாங்க, அதுக்கே மசியல. இப்ப நீ சொல்லிப் போடுறதா?"

சிந்துவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு பலகையில் விலைபோகாமல் கிடந்த ஒரு கிளிப்பச்சைக் கட்டைக் காட்டினாள். "அப்ப எல்லாருக்கும் அதுலயே எடுங்க." அப்படித்தான் உலகத்திலேயே கிளிப்பச்சைப் பேன்ட் போட்டுக் கபோயிரா ஆடுகிற ஒரே கூட்டம் நாங்கள் ஆனோம். கூட்டம் என்றால், இரண்டு நர்ஸுகள், ஒரு டீச்சர், காலேஜ் பிள்ளைகள் சிலர், நாங்கள் இருவர். காலையில் ஏழு மணிக்குப் போனால் கடை திறப்பதற்குள் வந்துவிடலாம்.

எங்கள் வகுப்புக்குக் கிழமை கிடையாது, முகூர்த்தம்தான் கணக்கு. முகூர்த்த நாளில் கூடத்தில் பந்தி நடக்கும், எங்களுக்கு லீவு. வைகாசியில் வகுப்பே இருக்காது. ஆடி பிறந்தால் தினமும் உண்டு. ஊரே ஆடி மாசத்தைச் சபிக்கும், நாங்கள் மட்டும் கொண்டாடுவோம். முதல் நாள் வாழையிலைத் தண்ணீர் காயாமல் டீச்சர் வழுக்கி விழுந்து, "தரை சரியில்ல" என்றாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று ஜெகதா எடுத்துவிட்டாள். டீச்சரே சிரித்துவிட்டாள்.

முதலில் ஜிங்கா. கால் முன்னும் பின்னும் போக, கை முகத்தைக் காக்க, ஓயாமல் அசைந்துகொண்டே இருப்பது. அதுவரைக்கும் பரவாயில்லை. உதை வந்ததும்தான் எங்கள் வளர்ப்பு பல்லை இளித்தது. காலைச் சுழற்றுவோம். எதிராளி குனிந்து தப்பிக்க வேண்டும். தப்பிக்கத் தெரியாமல் தோளில் பட்டுவிட்டதா, உடனே ஆட்டத்தை நிறுத்தி, "ஐயோ" என்று அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அடுத்தவர் மேல் கால் பட்டால் சும்மா விட முடியுமா? பட்டவளும் சும்மா இருக்கமாட்டாள், "பரவால்லக்கா" என்று அவளும் தொட்டுக் கும்பிடுவாள். சிந்து தலையில் அடித்துக்கொள்வாள். "நீங்க கும்பிட்டு முடிக்கிறதுக்குள்ள அடுத்த உதை காதுல விழும்!" அந்தப் பழக்கம் போக எங்களுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. கடைசியாக விட்டவள் ஜெகதா.

பாட்டும் வாத்தியமும் மட்டும் அவளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. பெரிம்பாவ் என்று ஒன்று உண்டு. வில்லாக வளைத்த கம்பு, அதில் ஒற்றைக் கம்பி, அடியில் ஒரு சுரைக்குடுக்கை. குச்சியால் கம்பியைத் தட்டிக்கொண்டே குடுக்கையை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் பிடித்தால் நாதம் மாறும். அதுதான் அங்கே அதிகாரி. அது வேகம் என்றால் ஆட்டம் வேகம், அது நின்றால் ஆட்டம் நிற்கும். சிந்துவின் பெரிம்பாவில் கம்பி அறுந்தபோது ஜெகதா பழைய லாரி டயரை அறுத்துக் கம்பி எடுத்துக்கொண்டு வந்தாள். பிரேசிலிலும் டயர்க் கம்பிதான் கட்டுவார்களாம். சிந்து துள்ளிக் குதித்தாள்.

அந்த ஊர்ப் பாட்டு எங்களுக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். ஜெகதா ஒருநாள் அந்த மெட்டிலேயே தமிழைப் போட்டாள். "பின்னால நின்னவ முன்னால வந்தா" என்று அவள் எடுக்க, "என்னாகும், என்னாகும்" என்று நாங்கள் வாங்கினோம். "உலையில போட்டது பொங்கித்தான் வந்தா?" "என்னாகும், என்னாகும்!" மண்டபத்துச் சமையல் ஆட்கள்கூட எட்டிப் பார்த்துத் தாளம் தட்டினார்கள்.

ஆனால் பாருங்கள், பாடினவள் வட்டத்துக்குள் வரமாட்டாள். எல்லோரும் வட்டமாக நின்று கை தட்டிப் பாட, நடுவில் இரண்டு பேர் ஆடுவார்கள். வெளியே நிற்கிறவள் உள்ளே போக நினைத்தால், ஆடுகிற இருவருக்கும் நடுவில் கையை நீட்டி, ஒருத்தியை மறித்து, மற்றவளைப் பார்த்து நின்றுவிட வேண்டும். மறிக்கப்பட்டவள் வருத்தப்படாமல் வெளியேறிவிடுவாள். யாரும் யாரையும் கூப்பிடமாட்டார்கள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது ஆகிற காரியமா? "நீங்க போங்கக்கா." "இல்ல, நீங்க போங்க." "முதல்ல சின்னவங்க போகட்டும்." உள்ளே ஆடின இருவரும் நாக்குத் தள்ளி, கடைசியில் தரையில் உட்கார்ந்தே விடுவார்கள். சிந்து கத்துவாள்: "இங்க யாரும் வெத்தலை பாக்கு வச்சு அழைக்க மாட்டாங்க! நீங்களாத்தான் வரணும்!"

மெல்ல மெல்ல நாங்கள் எல்லோரும் பழகிக்கொண்டோம். கூச்சம் போனபிறகு நான் பந்திக்கு முந்துகிற மாதிரி முந்துவேன். ஜெகதா மட்டும் விளிம்பிலேயே நின்றாள். பெரிம்பாவைப் பிடித்துக்கொள்வாள், பாடுவாள், தனியாகத் தலைகீழாகக்கூட நிற்பாள். நடுவில் புகச் சொன்னால், "நல்லாத்தானே ஆடுறாங்க, எதுக்கு நடுவுல போயிக் கெடுக்கணும்?" என்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் பிரவீணாவுக்குச் சம்பந்தம் அமைந்தது. பையன் கலைவாணன், ஆண்டிமடத்துக்காரன், முந்திரிக்காடு உள்ள குடும்பம். திருச்சியில் இருவரும் ஒரே ஸ்கேன் சென்டரில் வேலை, பிடித்துப்போய் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். ஒரே சாதிசனம் என்பதால் மறுப்பில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் நிச்சயம் என்று முடிவாயிற்று.

அதுவரை எட்டிப் பார்க்காத சிங்காரவேலு ஆடி நடுவில் வந்து இறங்கினார். நானும், லீவில் வந்திருந்த பிரவீணாவும் அன்றைக்கு ஜெகதா வீட்டில் இருந்தோம். காபியை உறிஞ்சிவிட்டு ஆரம்பித்தார்.

"நிச்சயத்தை நம்ம ஊர்ல, பெரிய வூட்டுல வச்சுக்கலாம். தட்டு நானும் என் வூட்டுக்காரி சின்னம்மாளும் மாத்துறோம். நீ உள்ளார இரு ஜெகதா. மாப்பிள்ளையோட அம்மா பொன்னாயி கண்டிப்பா சொல்லிட்டாங்க. ஒத்தைப் புள்ளை பாரு, சகுனம் பாப்பாங்கல்ல. அப்புறம் இந்தத் தலைகீழ் ஆட்டம், அதையும் விட்டுடு. செல்லுல வீடியோவ எல்லாரும் பாத்துட்டாங்க."

"ஆட்டத்தை விட மாட்டேன் மாமா. தட்டு…" என்று நிறுத்தி மகளைப் பார்த்தாள். பெற்றதும் இவள், வளர்த்ததும் இவள், நாளெல்லாம் கடையில் நின்று படிக்கவைத்ததும் இவள். பெண்ணை இன்னாருக்குக் கொடுக்கிறேன் என்று சபையில் தட்டை நீட்டுகிற கை மட்டும் வேறு யாருடையதோ!

பிரவீணா தலையைத் தூக்கவில்லை. "ஒரு அரை மணி நேரம்தானம்மா. பிரச்சினை வேணாம். எனக்காகப் பொறுத்துக்கம்மா."

"சரி" என்றாள் ஜெகதா.

எனக்கு அந்த இடத்திலேயே அந்தக் காபி டம்ளரை எடுத்து எறியலாம் போலிருந்தது. அடுத்தவர் வீட்டு விஷயம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் வகுப்பில் நானும் ஒரு நர்ஸும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தோம். திடீரென்று என் முகத்துக்கு முன்னால் ஒரு கை நீண்டது. ஜெகதா. என்னை மறித்து, முதுகைக் காட்டி நின்றாள். பெரிம்பாவைத் தட்டிக்கொண்டிருந்த சிந்துவுக்குத் தாளம் ஒரு கணம் தடுமாறியது. அப்புறம் ஜெகதா ஆடினாள் பாருங்கள்! பதுங்கினாள், சுழன்றாள், கையை ஊன்றிக் காலைத் தூக்கி வீசினாள். நர்ஸின் தோளில் கால் பட்டது. தொட்டுக் கும்பிடவில்லை. ஒருத்தி மாற்றி ஒருத்தி உள்ளே வந்தோம், எல்லோரையும் களைக்கவைத்துவிட்டுத்தான் நின்றாள்.

முடிந்ததும் பந்திப் பலகை மேல் உட்கார்ந்து அழுதாள். "சரின்னு சொல்லிட்டேன் ஜோதி. என் வாயாலயே சொல்லிட்டேன். நான் பெத்த பொண்ணுக்கு நானே ஆகாதவளா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. மாமா மேல வரல, அந்தப் பொன்னாயி மேலயும் வரல. என் மேலதான் வருது."

"சொன்னதை மாத்திச் சொல்லு."

"புள்ளை கேட்டுடுச்சேடி. அவ ஆசைப்பட்ட கல்யாணம். என்னால நின்னு போச்சுன்னா?" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது என்பதுதான் நிஜம்.

நிச்சயத்தன்று சிந்துவும் நானும் அரியலூரில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அவர்கள் ஊருக்குப் போனோம். வாசலில் பந்தல், ஜமக்காளம், ஒரு பக்கம் பெண் வீட்டார், எதிரே மாப்பிள்ளை வீட்டார். முன்வரிசையில் பொன்னாயி, கழுத்து நிறைய நகை, பக்கத்தில் அவருடைய வீட்டுக்காரர். கலைவாணன் வேட்டி நழுவாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிரவீணா தலைநிறையப் பூவோடு குனிந்திருந்தாள். ஜெகதாவைத் தேடினேன். சமையல்கட்டில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். மாம்பழ நிறப் பட்டு கட்டியிருந்தாள், அதுவரைக்கும் சந்தோஷம்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் பத்திரிகையை வாசித்து முடித்தார். "பொண்ணு வூட்டுக்காரங்க எந்திரிச்சுத் தட்டை எடுங்க" என்றார். சிங்காரவேலு வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார், சின்னம்மாளும் எழுந்தார். நான் சமையல்கட்டுப் பக்கம் திரும்பினேன். கரண்டி பாத்திரத்தில் சாய்ந்து கிடந்தது. ஆளைக் காணவில்லை.

அவள் கூட்டத்தின் நடுவில் நடந்து வந்துகொண்டிருந்தாள். அவசரம் இல்லை, படபடப்பும் இல்லை. ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்தவள், தட்டுக்குக் குனிந்த சிங்காரவேலுவின் முன்னால் கையை நீட்டினாள். உள்ளங்கை அவரைப் பார்த்து, முகம் பொன்னாயியைப் பார்த்து. அவர் தன்னையறியாமல் ஒரு எட்டுப் பின்னால் போனார். பக்கத்திலிருந்த சிந்து என் கையை நகம் பதியப் பிடித்தாள். ஜெகதா குனிந்து தட்டைத் தூக்கினாள்.

"ஜெகதா! என்ன பண்ற?" என்றார் சிங்காரவேலு.

"என் பொண்ணுக்குத் தட்டு மாத்துறேன் மாமா."

பொன்னாயியின் கைகள் மடியை விட்டு எழவில்லை. "நல்ல காரியம் நடக்குற எடம். ஒரு சுமங்கலி கையால குடுத்தாத்தான் வாங்குவேன். கோவிச்சுக்காதீங்க" என்றார்.

"கோவம் இல்லீங்க. நான் நிக்கிறேன். உங்களுக்கு எப்ப வாங்கணும்னு தோணுதோ அப்ப வாங்குங்க."

தேங்காய், வாழைப்பழச் சீப்பு, சர்க்கரை, பட்டு என்று அடுக்கிய தாம்பாளம் அது. கனம் சும்மாவா? சிங்காரவேலுவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சபையில மானத்தை வாங்காத. கை வலிக்கும், தட்டைக் கீழ வை."

"வலிக்காது மாமா. என் உடம்பையே தூக்கி நிறுத்துற கை இது. தேங்கா பழமா கனத்துடப் போவுது?"

பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தாம்பாளம் ஆடவில்லை, அசையவில்லை. பெரியவர் பத்திரிகையை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார். சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன்.

அப்போது பிரவீணா எழுந்தாள். பூவெல்லாம் சரிந்தது. நேராகப் போய் அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

"அத்தை, ஒண்ணு கேக்குறேன். நான் உங்க வூட்டுக்கு வாழ வரேன். நாளைக்கு உங்க புள்ளைக்கு ஒண்ணுன்னா, நான் பெத்த புள்ளைக்கும் நான் பின்னாலதான் நிக்கணுமா?"

"வாயைக் கழுவுடி!" என்று சின்னம்மாள் அலறினார். நிச்சயத்தன்று கல்யாணப்பெண் பேசுகிற பேச்சா அது! பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா பாதி எழுந்துவிட்டார். பிரவீணா நகரவில்லை. அரை மணி நேரம் பொறுத்துக்கொள் என்று கெஞ்சிய பெண்ணா இது என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

கலைவாணன் அப்பாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தான். "அம்மா, அவ கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்றான்.

பொன்னாயி மகனைப் பார்த்தார். பிரவீணாவைப் பார்த்தார். பிறகு அந்தக் கைகள் மடியிலிருந்து எழுந்தன. தட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

இனி அவர்கள் தட்டைக் கொடுக்க வேண்டும். பொன்னாயி தன் தாம்பாளத்தை எடுத்து, முகத்தைச் சின்னம்மாள் பக்கம் திருப்பிக்கொண்டு, தட்டை மட்டும் இந்தப் பக்கம் நீட்டினார். நானாக இருந்தால் அதுவே போதும் என்று வாங்கியிருப்பேன்.

ஜெகதா கையை நீட்டவில்லை.

"என் முகத்தைப் பாத்துக் குடுங்க சம்பந்தி" என்றாள்.

பொன்னாயி திரும்பினார். பார்த்தார். கொடுத்தார்.